80 ஏக்கர் மணலும் ஒரு கோழிக் கொட்டகையும்: ஆல்டோ லியோபோல்டின் பண்ணை வாழ்க்கை

1948 ஏப்ரல் 21, புதன்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் இருந்த தன் பண்ணையிலிருந்து பார்த்தபோது கிழக்கே புகை எழுவது ஆல்டோ லியோபோல்டின் கண்ணில் பட்டது. பக்கத்துப் பண்ணையில் குப்பைக்கு வைத்த தீ கைமீறிப் போய், பனிக்காலம் முடிந்து சருகாகக் கிடந்த புல்லில் பற்றிக்கொண்டிருந்தது. காற்று அதைச் சதுப்பு நிலத்தின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தச் சதுப்பைத் தாண்டினால் அவர் குடும்பம் பன்னிரண்டு ஆண்டுகளாக நட்டு வளர்த்த பைன் மரங்கள்.

அவருக்கு அப்போது 61 வயது. முகநரம்பு வலிக்கு அறுவை சிகிச்சை செய்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. முதுகில் மாட்டும் தண்ணீர் பம்பு, வாளி, பூவாளி, துடைப்பம், மண்வெட்டி, சாக்கு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் காரில் போட்டுக்கொண்டு, மனைவி எஸ்டெல்லாவையும் கடைசி மகளையும் ஏற்றிக்கொண்டு புகையை நோக்கிக் கிளம்பினார்.

அந்தக் காலையின் மீதிக் கதைக்குப் பிறகு வருகிறேன். லியோபோல்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘நில அறம்’ என்ற அவருடைய கருத்திலிருந்து தொடங்குவார்கள். காட்டுயிர் மேலாண்மைப் பேராசிரியர், காடுகளைக் காடுகளாகவே விட்டுவைக்கச் சொன்ன முன்னோடி என்று அறிமுகம் செய்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அவரை ஒரு சின்னப் பண்ணையின் சொந்தக்காரராகவும், துப்பாக்கியும் வில்லுமாக வெளியில் திரிந்த மனிதராகவும் பார்த்தால்தான் அவர் சொன்னவை எங்கிருந்து வந்தன என்பது பிடிபடுகிறது என்று நான் நினைக்கிறேன். ஒரே ஒரு பண்ணை, ஒரே ஒரு குடும்பம், பதின்மூன்று ஆண்டுகள். இந்த ஆய்வின் எல்லை அவ்வளவுதான்.

நிலம் கெட்ட விதம்

பண்ணை இருந்த இடம் பாராபூ ஊருக்குப் பக்கம், மேடிசன் நகரத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பனியுகத்தின் முடிவில் பெரும் பனிப்பாளங்கள் உருகி ஓடியபோது தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த மணல்தான் அந்த வட்டாரத்தின் அடிமண். அதன்மேல் புல்வெளியும் ஓக் மரங்களும் பல நூற்றாண்டுகளாக மக்கிச் சேர்த்து வைத்த ஒரு மெல்லிய வளமான படலம். வளம் என்று அங்கே இருந்ததெல்லாம் அதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குடியேறிகள் வந்து அந்தப் புல்வெளியை உழுதார்கள். முதலில் கோதுமை. ஆண்டுக்கு ஆண்டு ஒரே பயிர் போட்டு மண் களைத்துப்போனது, பூச்சியும் சேர்ந்துகொண்டது. அப்புறம் பால் மாடு, மக்காச்சோளம். சதுப்புகளுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். மேல்மண் போனதும் அடியில் இருந்த மணல் வெளியே வந்தது, காற்றடித்தால் பறந்தது. 1930-களில் பொருளாதார வீழ்ச்சியும் வறட்சியும் ஒன்றாகச் சேர்ந்து அடித்தபோது, அந்தப் பகுதியில் பல குடும்பங்கள் வரி கட்ட முடியாமல் நிலத்தைப் போட்டுவிட்டுப் போயின.

அப்படிக் கைவிடப்பட்ட ஒரு 80 ஏக்கரைத்தான் 1935-ல் லியோபோல்ட் வாங்கினார். பிற்பாடு அது 120 ஏக்கரானது. அடிமாட்டு விலைக்குக் கிடைத்த நிலம். குடியிருப்பு வீடு எரிந்து போயிருந்தது. கூரையோடு நின்றது ஒரு கோழிக் கொட்டகை மட்டும், அதற்குள்ளும் முழங்கால் வரை எரு. வேட்டைக்குப் போனால் இரவு தங்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் வாங்கும்போது அவர் மனதில் இருந்த முதல் எண்ணம். நிலத்தைச் சீர்திருத்திக் காட்டவேண்டும் என்ற திட்டத்தோடு அவர் அங்கே வரவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். தங்க வந்தவரை நிலம் வேலை வாங்கிவிட்டது.

கொட்டகையிலிருந்து எருவை அள்ளிப் போட்டார்கள். வெள்ளத்தில் ஆற்றோடு மிதந்து வந்து ஒதுங்கிய பலகைகளைக் கொண்டு சுவரையும் கூரையையும் ஒட்டுப்போட்டார்கள். ஒரு கணப்பு கட்டினார்கள். படுக்க இடம் போதாமல் பக்கவாட்டில் ஒரு சிறு பகுதியைச் சேர்த்தார்கள். மின்சாரம் கிடையாது, தண்ணீர் கைப்பம்பில். கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள், ஒரு நாய் எல்லோரும் அதற்குள். ‘ஷாக்’, அதாவது குடிசை என்றுதான் அவர்கள் அதை அழைத்தார்கள், இன்றும் அதே பெயர்தான். கிடைத்த பலகைகளை அறுத்து அவர் அடித்துவைத்த சாய்வு பெஞ்சுக்கு ‘லியோபோல்ட் பெஞ்ச்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் இன்றைக்கும் எத்தனையோ பேர் அந்த அளவை வைத்துத் தங்கள் தோட்டத்துக்கு பெஞ்ச் அடித்துக்கொள்கிறார்கள்.

அதற்கு முந்தைய மனிதர்

1887 ஜனவரி 11-ல் அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில், மிசிசிப்பி ஆற்றைப் பார்த்த மேட்டில் பிறந்தவர். அப்பா மேசை செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார், நல்ல வேட்டைக்காரர். சட்டம் எதுவும் தடுக்காத காலத்திலேயே, முட்டையிடப் போகும் பருவத்தில் வாத்தைச் சுடுவது சரியில்லை என்று தானே நிறுத்திக்கொண்டவர். மகன் அப்பாவிடமிருந்து துப்பாக்கியோடு இந்தக் கட்டுப்பாட்டையும் வாங்கிக்கொண்டார். 1909-ல் யேல் பல்கலைக்கழகத்தில் காட்டியல் முடித்து, அரிசோனாவில் வனத்துறை வேலைக்குப் போனார். 1912-ல் எஸ்டெல்லா பெர்கெரேயைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே, வெளியூர் வேலையில் மழையிலும் பனியிலும் நனைந்தபடி படுத்துக் கிடந்ததில் சிறுநீரகம் வீங்கிச் சாவின் விளிம்புவரை போய் வந்தார். தேற ஓராண்டுக்கும் மேல் ஆனது. 1924-ல் நியூ மெக்சிகோவின் ஹீலா வனப்பகுதி, சாலையோ கட்டடமோ இல்லாமல் காப்பாற்றப்படவேண்டிய இடமாக அறிவிக்கப்பட்டதற்கு அவருடைய முயற்சி முக்கியக் காரணம். அதே ஆண்டு மேடிசனுக்கு மாறினார். 1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் மேலாண்மைக்கென்றே ஒரு பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டு அவருக்குத் தரப்பட்டது.

இந்தப் பட்டியலில் வராத ஒரு சம்பவம் உண்டு. அரிசோனாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலையில் ஒரு பாறை விளிம்பில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கீழே ஆற்றைக் கடந்து வந்த ஓநாய்க் கூட்டத்தை அவரும் கூட இருந்தவர்களும் சுட்டார்கள். அன்றைய நிலையில் ஓநாயைக் கண்டால் சுடுவதுதான் பொறுப்புள்ள செயல். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்குக் கொண்டாட்டம் என்ற கணக்கு. இளம் லியோபோல்ட் அதைப் பேசியும் எழுதியும் பரப்பினார், ஓநாயும் மலைச்சிங்கமும் (பூமா) முற்றாக ஒழியவேண்டும் என்றார். அது தவறு என்று அவர் வெளிப்படையாக எழுத 1944 ஆனது. அதுவும் தானாக வரவில்லை. அவருடைய மாணவரும் ஓவியருமான ஆல்பர்ட் ஹாக்பாம், ஊரார் செய்த தவறுகளை எழுதுகிறீர்களே, உங்கள் பங்கை எங்கே எழுதினீர்கள் என்ற பொருளில் கடிதத்துக்கு மேல் கடிதமாக வற்புறுத்திய பிறகே எழுதினார். சாகும் தறுவாயிலிருந்த தாய் ஓநாயின் கண்ணில் பச்சையாக ஒரு தீ அணைந்ததைப் பார்த்ததை அப்போதுதான் பதிவுசெய்தார். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி. மாணவன் சொன்னதை ஏற்றுக்கொண்டு, தன் பெயரிலேயே தவறை எழுதிக்கொடுத்த அந்த மனசு பெரியது.

செத்த கன்றுகளின் கணக்கு

1936 வசந்தத்தில் முதல் பெரிய நடவு. வெண் பைனும் செம்பைனுமாக ஆயிரக்கணக்கான கன்றுகள். பல்கலைக்கழக விடுமுறையில் குடும்பம் முழுவதும் வந்து நட்டது. மண்வெட்டியால் புல்தரையைக் கிழித்து, வேர் மடங்காமல் உள்ளே இறக்கி, குதிகாலால் மிதித்து இறுக்குவது. ஒருவர் குழி வெட்ட ஒருவர் கன்றை வைக்க, ஜோடி ஜோடியாக வேலை. வாளியில் ஈரத்தோடு கன்றுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது சின்னவர்களின் வேலை. மணல் பூமியில் குழி வெட்டுவது சுலபம், ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் பாடு.

அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் நடுப்பகுதி முழுவதையும் ஒரு கொடும் வெப்ப அலை பிடித்தது, கூடவே வறட்சி. நட்ட கன்றுகளில் பெரும்பகுதி கருகிவிட்டது. கன்று நட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் கோடையில் வரிசையாகப் பட்டுப்போன குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று. அடுத்த வசந்தத்தில் அவர்கள் மறுபடி வந்து நட்டார்கள். அதற்கடுத்த ஆண்டும். முயல் கடித்தது, மான் கடித்தது, வண்டு நுனிக்குருத்தைத் துளைத்தது, புல் அமுக்கியது. அத்தனையையும் லியோபோல்ட் குறித்து வைத்தார். எந்த இடத்தில் எந்த வகை எத்தனை வைத்தோம், எத்தனை பிழைத்தது, செத்தது எதனால் என்று.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் அந்தத் துறையின் பேராசிரியர். காட்டுயிர் மேலாண்மைக்கு 1933-ல் பாடநூல் எழுதியவர். யேலில் படித்த காட்டியலாளர். அந்தப் படிப்பெல்லாம் இருந்தும் தன் சொந்த மணலில் ஒரு பைன் கன்றைப் பிழைக்கவைக்கப் பல ஆண்டுகள் திணறினார். படிப்புக்கும் இடத்துக்கும் நடுவே இருந்த அந்தத் தூரத்தை அவர் மறைக்கவில்லை. 1935-க்கும் 1948-க்கும் இடையில் குடும்பம் நட்ட மரங்கள் 40,000-க்கும் மேல். இன்று அங்கே உயர்ந்து நிற்கும் பைன்கள், அந்த எண்ணிக்கையில் தப்பிப் பிழைத்தவை.

பைனோடு நிற்கவில்லை. உழவுக்கு முன்பு அங்கே இருந்த புல்வெளிச் செடிகளையும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். இதே வேலை இன்னும் பெரிய அளவில் மேடிசனில் நடந்துகொண்டிருந்தது. 1934-ல் தொடங்கிய பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில், உழுது கெட்ட வயலை மீண்டும் புல்வெளியாக்கும் முயற்சியில் லியோபோல்ட் முன்னணியில் இருந்தார். உலகில் இப்படி மீட்டெடுக்கப்பட்ட புல்வெளிகளில் அதைத்தான் மிகப் பழையது என்கிறார்கள். அங்கே ஊழியர்களும் அரசுப் பணமும் இருந்தன. பண்ணையிலோ ஒரு குடும்பத்தின் வார இறுதிகள் மட்டும்.

அந்த ஆண்டுகளில் செய்த இரண்டு பயணங்கள் அவர் பார்வையை அசைத்தன. 1935-ல் ஜெர்மனிக்குப் போனார். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வரிசை பிடித்து நட்ட காடுகள், வேலிக்குள் தீனி போட்டு வளர்த்த மான்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தும் காடு செத்துக்கிடந்ததாகவே அவருக்குப் பட்டது. 1936-ல் மெக்சிகோவின் சியரா மாட்ரே மலையில், கவிலான் ஆற்றுப் பகுதிக்கு வில் வேட்டைக்குப் போனார். அங்கே மண் அரிக்கவில்லை, ஓடை தெளிவாக ஓடியது, மான் அளவோடு இருந்தது, ஓநாயும் மலைச்சிங்கமும் இருந்தன. நலமாக இருக்கும் நிலத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தது அங்கேதான் என்று பின்னால் எழுதினார். இந்த இரண்டுக்கும் நடுவில் தன் பாழ்பட்ட 80 ஏக்கருக்கு அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த மண் அவருக்கு என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

விடிவதற்கு முன்

பண்ணையில் இருக்கும் நாட்களில் இருட்டிலேயே எழுந்துவிடுவார். காப்பிப் பாத்திரம், நோட்டுப் புத்தகம், பென்சில், கைக்கடிகாரம் இவற்றோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பறவைகள் ஒவ்வொன்றாகக் குரல் கொடுப்பதைக் கேட்பார். எது முதலில், எத்தனை மணிக்கு என்று எழுதுவார். பிறகு ஓர் ஒளிமானியையும் சேர்த்துக்கொண்டார். எந்தப் பறவை எவ்வளவு வெளிச்சத்தில் வாயைத் திறக்கிறது என்று அளந்தார். நிலா இருந்த இரவுக்கும் மேகம் மூடிய காலைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தார்.

உட்காக் என்று ஒரு பறவை. நீண்ட அலகு, பழுப்பு நிறம், தரையோடு தரையாகக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. வசந்தகால அந்தி நேரங்களில் ஆண் பறவை திறந்தவெளியில் வந்து இறங்கி, மூக்கால் பேசுவதுபோல் சில ஒலி எழுப்பிவிட்டு, சுழன்று சுழன்று வானத்தில் ஏறி, உச்சியிலிருந்து பாடிக்கொண்டே விழும். வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறங்கும்போதுதான் அது ஆட்டத்தைத் தொடங்குகிறது, பொழுது நீள நீள ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு நிமிடம் தள்ளித் தொடங்குகிறது என்பதை அவர் அளந்து கண்டார். அதே பறவையை அக்டோபரில் அவர் சுடுவார், அதில் அவருக்கு ஆசை அதிகம். ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு ஓரிரண்டோடு போதும் என்று நிறுத்திக்கொண்டார். அடுத்த சித்திரை மாலையில் வானத்தில் ஆடுவதற்கு ஆள் வேண்டுமே என்ற கவலை.

பூப்பது, துளிர்ப்பது, வாத்து திரும்புவது, தவளை கத்தத் தொடங்குவது எல்லாம் தேதி வாரியாக ஏறியது. 1935 முதல் 1945 வரையிலான பதிவுகளை 1947-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

வேட்டைக்காரர்

வேட்டையாடுகிறவர் எப்படி இயற்கைப் பாதுகாவலர் ஆகமுடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். லியோபோல்டின் வாழ்க்கையில் இந்த இரண்டையும் பிரிக்கமுடியாது. வில்லைத் தானே செதுக்கினார், அம்புக்குத் தானே இறகு கட்டினார். வில் என்றால் மிக நெருக்கத்தில் போகவேண்டும், பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பவேண்டும். அதைத் தெரிந்தேதான் எடுத்தார். வீட்டில் அவரைவிட நன்றாக அம்பு விட்டவர் எஸ்டெல்லா. அவர் விஸ்கான்சின் மாநிலப் பெண்கள் வில்வித்தையில் சாம்பியன்.

1931-ல் மேடிசனுக்கு மேற்கே ரைலி என்ற ஊரில் வேட்டைக்குப் போனபோது, தண்ணீர் குடிக்க ஒரு பண்ணையில் நின்றார். நகரத்திலிருந்து வருகிறவர்கள் கேட்காமல் நிலத்துக்குள் புகுந்து சுடுகிறார்கள் என்று அந்த விவசாயி நொந்துகொண்டார். அந்தப் பேச்சிலிருந்து ஒரு கூட்டு ஏற்பாடு பிறந்தது. விவசாயிகள் நிலம் தருவது, நகரத்துக் குடும்பங்கள் பறவைத் தீவனத்துக்கும் மரக்கன்றுக்கும் செலவு செய்வது, எத்தனை சுடலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வது. எதிரெதிராக நின்றவர்கள் ஒரே வேலியைச் சேர்ந்து கட்டினார்கள். லியோபோல்ட் சாகும்வரை அதில் இருந்தார்.

எல்லாமே இப்படிச் சுமுகமாக முடியவில்லை. 1940-களில் விஸ்கான்சினின் வடக்கே மான் எக்கச்சக்கமாகப் பெருகி, குளிர்காலத்தில் தின்ன எதுவுமில்லாமல் கூட்டம் கூட்டமாகச் செத்தது. கன்று மரங்களைக் கடித்தே தீர்த்தது. பெண் மானையும் சேர்த்துச் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும் என்று லியோபோல்ட் வாதாடினார், மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினராகவும் ஆனார். 1943 பருவத்தில் ஏறத்தாழ 1,28,000 மான்கள் சுடப்பட்டன. மக்கள் கொதித்துப் போனார்கள். ‘43-ன் குற்றம்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள், அவரைத் தாக்குவதற்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது. அவர் சொன்ன காரணம் சரி என்றே நினைக்கிறேன், ஓநாய் போன இடத்தில் மான் காட்டைத் தின்றுவிடும். ஆனால் வாழ்நாள் முழுக்க மான் பெருகவேண்டும் என்று பழக்கப்பட்ட மக்களை ஒரே பருவத்தில் திருப்பிவிடலாம் என்று நம்பியது தப்புக்கணக்கு. இளமையில் அவரே பரப்பிய அதே கணக்கை இப்போது ஊர் அவரிடம் திருப்பிச் சொன்னது.

ஓர் எச்சரிக்கை

இந்தப் பண்ணையை மாதிரியாக எடுப்பதற்கு முன்னால் ஒன்றை மறக்கக்கூடாது. லியோபோல்டுக்கு மாதச் சம்பளம் இருந்தது. அந்த நிலத்திலிருந்து அடுப்பு எரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கன்று செத்தால் அடுத்த வருடம் வைக்கலாம். அந்த மணலை மக்காச்சோளம் போட்டே கெடுத்த முந்தைய குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை.

அவருக்கும் இது தெரிந்திருந்தது. 1933-ல் விஸ்கான்சினின் கூன் பள்ளத்தாக்கில் அமெரிக்க அரசு முதன்முதலாக ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதியில் மண்ணரிப்பைத் தடுக்கும் வேலையைத் தொடங்கியபோது அவர் அதில் ஆலோசகராக இருந்தார். சம உயர வரப்பு, பயிர்ச் சுழற்சி, சரிவில் மேய்ச்சலை நிறுத்துவது என்று பல முறைகள் அங்கே காட்டப்பட்டன. ஆனால் மாநிலம் முழுக்க இப்படி உதவித்தொகையோடு நடந்த வேலைகளைப் பின்னால் திரும்பிப் பார்த்தபோது, தங்களுக்கு உடனே காசு தந்த முறைகளை மட்டும் விவசாயிகள் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டதைக் கண்டார். மண்ணுக்கு நல்லது, ஊருக்கு நல்லது, ஆனால் தனக்கு நேரடி லாபம் இல்லை என்கிற வேலையை யார், ஏன் செய்வார்கள்? நில அறம் பற்றி அவர் எழுதியதன் கரு இந்தக் கேள்விதான். மனிதன் நிலத்துக்கு முதலாளி என்ற இடத்திலிருந்து இறங்கி, மண்ணும் நீரும் செடியும் விலங்கும் சேர்ந்த கூட்டத்தில் தானும் ஒரு உறுப்பினர் என்று நினைக்காதவரை, உதவித்தொகை நின்றதும் வேலை நின்றுவிடும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் கையில் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் செத்த கன்றுகளின் கணக்கு இருந்தது.

இன்னொன்று, இந்தக் கதையை ஒற்றை ஆளின் சாதனையாகச் சொல்வது சரியில்லை. ஒவ்வொரு வாரமும் ஐந்து பிள்ளைகளுக்கும் கட்டுச்சோறு கட்டி, தீமூட்டிய அடுப்பில் சமைத்து, பகல் முழுக்க மரம் நட்டு, இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தவர் எஸ்டெல்லா. சனி ஞாயிறு என்றால் பண்ணை என்று வளர்ந்த ஐந்து பிள்ளைகளும் அறிவியல், இயற்கைப் பாதுகாப்பு வழியிலேயே போனார்கள். ஸ்டார்க்கர் காட்டுயிர், லூனா ஆறுகள், கார்ல் தாவர உடலியல், அம்மாவின் பெயரையே கொண்ட கடைசி மகள் எஸ்டெல்லா புதைபடிவத் தாவரங்கள். ஸ்டார்க்கர், லூனா, எஸ்டெல்லா மூவரும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மூத்த மகள் நினா என்ன செய்தார் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

அந்தக் காலை

பண்ணை அனுபவங்களை வைத்து அவர் எழுதிய கட்டுரைத் தொகுப்பைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. 1948 ஏப்ரல் 14 அன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து, வெளியிடுகிறோம் என்று தொலைபேசி வந்தது. அந்த நிம்மதியோடுதான் அந்த வாரம் மரம் நடப் பண்ணைக்குப் போனார்கள்.

ஏப்ரல் 21 காலை, தீ நடந்த இடத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினார்கள். துடைப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்து, பொறி பறந்து சாலையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மனைவியை நிறுத்தினார். தொலைபேசி இருக்கும் வீட்டுக்குப் போய் உதவிக்குச் சொல்லும்படி மகளை அனுப்பினார். தண்ணீர் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, இன்னும் எரியாத புல்லை நனைத்துத் தீயின் வழியை அடைக்கத் தனியாக நடந்தார். வனத்துறைக்காரருக்கு இந்த வேலை புதிதில்லை, நாற்பது ஆண்டுப் பழக்கம்.

கொஞ்ச தூரத்தில் மாரடைப்பு வந்தது. பம்பை இறக்கி வைத்திருக்கிறார். மல்லாந்து படுத்து, தலையை ஒரு புல் திட்டில் சாய்த்து, கைகளை மார்பின்மேல் சேர்த்து வைத்திருக்கிறார். தீ அவர்மேல் லேசாகப் படர்ந்து கடந்து போனது. சட்டைப்பையில் இருந்த நோட்டுப் புத்தகத்தின் ஓரங்கள் கருகியிருந்தன. தீயை மற்றவர்கள் பிற்பாடு அணைத்தார்கள். பைன்கள் தப்பின. அவரைப் பிறந்த ஊரான பர்லிங்டனில் அடக்கம் செய்தார்கள்.

பிறகு

மகன் லூனா கைப்பிரதியைச் சரிசெய்து முடித்தார், 1949-ல் ‘எ சாண்ட் கவுண்டி ஆல்மனாக்’ என்ற பெயரில் புத்தகம் வந்தது. ஆரம்பத்தில் விற்பனை சுமார்தான். சுற்றுச்சூழல் பேச்சு எழுந்த அறுபதுகளின் கடைசியில் மலிவுப் பதிப்பாக வந்தபோது பரவியது, இதுவரை இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

குடும்பம் 1982-ல் ஓர் அறக்கட்டளையை அமைத்துப் பண்ணையைப் பாதுகாத்தது. 2009-ல் கோழிக் கொட்டகை தேசிய வரலாற்றுச் சின்னமானது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், அவர் விழுந்த இடத்துக்கு அருகே ஒரு மையம் கட்டினார்கள். அதற்கு வேண்டிய மரத்தில் ஒரு பகுதி, அவர்கள் நட்ட பைன் தோப்பை நெருக்கம் குறைக்க வெட்டியபோது கிடைத்தது. லியோபோல்ட் காலத்தில் விஸ்கான்சினிலேயே சில பத்து ஜோடிகள்தான் மிஞ்சியிருந்த சாண்ட்ஹில் பெருங்கொக்குகள், இப்போது இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கில் அந்தப் பண்ணையை ஒட்டிய ஆற்று மணல்திட்டுகளில் வந்து இரவு தங்குகின்றன.

நினா 1976-ல் கணவரோடு பண்ணைக்கே திரும்பி வந்து, அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். அப்பா விட்ட இடத்திலிருந்து தினப் பதிவைத் தொடங்கினார். முதல் துளிர், முதல் பூ, முதல் வாத்து. இரண்டு பேருடைய நோட்டுகளையும் சேர்த்து 1999-ல் அவரும் மற்றவர்களும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 61 ஆண்டுக் காலத்தில் 55 வசந்தகால நிகழ்வுகளைப் பார்த்ததில், சராசரியாக ஆண்டுக்கு 0.12 நாள் முன்னதாக வசந்தம் வந்துகொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு எழுதியபோது, புவி சூடாவதை இதை வைத்து ஒருநாள் அளப்பார்கள் என்று அந்த அப்பா நினைத்திருக்க வழியில்லை. நினா 2011-ல் 93 வயதில் இறந்தார். பதிவை அறக்கட்டளைக்காரர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள்.